பிளாஸ்டிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஸ்ட்ரெஸ்ஸ காட்டுற பொட்டி: எட்டு மாசம் யூஸ் பண்ண அனுபவம்

ஓசூர் சிப்காட் பக்கத்துல ஒரு சின்ன இன்ஜெக்‌ஷன் மோல்டிங் யூனிட்ல, அதாவது பிளாஸ்டிக்க உருக்கி அச்சுல அழுத்தி பீஸ் எடுக்கிற எடத்துல, க்யூசி (தரம் செக் பண்ற வேலை) பாக்குறேன். மொத்தம் ஆறு மெஷின், ஓனர், நான், ஷிப்ட்டுக்கு நாலு பேரு, அவ்ளோதான் கம்பெனி. வண்டிக்கு மீட்டர் கவர், இண்டிகேட்டர் லென்ஸ், பேனலுக்கு கிளியர் மூடி, இந்த மாதிரி பாலிகார்பனேட், அக்ரிலிக் ஐட்டம்தான் ஜாஸ்தி ஓடும். போன வருஷம் ஒரு டேபிள் டாப் ஸ்ட்ரெஸ் வியூவர் வாங்குனோம், கிளியர் பிளாஸ்டிக்குள்ள உறைஞ்சு நிக்கிற இழுப்ப (அதான் ஸ்ட்ரெஸ்) கலரா காட்டும். போலாரிஸ்கோப்புனு சொல்லுவாங்க, எங்க ஷாப் ஃப்ளோர்ல எல்லாருக்கும் அது "கலர் பொட்டி". இதப் பத்தி தமிழ்ல தேடுனப்ப எனக்கு ஒண்ணுமே கெடைக்கல, அதான் நானே உக்காந்து அடிக்கிறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. எந்த கம்பெனி பொட்டின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன், ஏன்னா அவங்க மேல எனக்கு ஒரு கோவம் இருக்கு, அது கீழ வரும்.

மொதல்ல ஏன் வாங்குனோம்னு சொல்லிடுறேன். ஒரு பாலிகார்பனேட் கவர், 3 மில்லிமீட்டர் தடிமன், நாலு மூலையிலயும் பித்தளை இன்சர்ட் (பிளாஸ்டிக்குள்ள பதிச்ச பித்தளைத் துண்டு). இன்சர்ட் உக்கார்ற எடத்துல அடித் தடிமனையும் சேத்து மொத்தம் 6 மில்லிமீட்டர் ஒசரத்துக்கு ஒரு பாஸ் (நம்ம ஓனர் இல்லீங்க, பிளாஸ்டிக்ல வர்ற மேடு). மோல்டிங்ல இருந்து வரும்போது பீஸ் கண்ணாடி மாதிரி இருக்கும், டைமென்ஷன் ஓகே, பாக்க ஓகே, பேக் பண்ணி அனுப்பியாச்சு. மூணு வாரம் கழிச்சு கஸ்டமர்கிட்ட இருந்து போட்டோ வருது, இன்சர்ட்ட சுத்தி முடி மாதிரி கோடு கோடா விரிசல். அவங்க லைன்ல கவர ஏதோ கிளீனர் போட்டு தொடைக்கிறாங்களாம், தொடைச்ச மறுநாள் வெடிக்குதாம். நாங்க கிளீனர் மேல பழிய போட்டோம், அவங்க எங்க மேல போட்டாங்க, நடுவுல ரெண்டு லாட் ரிட்டர்ன் வந்து ஷெட்டு மூலையில மலை மாதிரி கெடந்துச்சு. ரெண்டு பேரு சொன்னதுலயும் பாதி பாதி உண்மை இருந்துச்சுங்கறது பின்னாடிதான் தெரிஞ்சுது. உள்ள ஏற்கனவே இழுத்துட்டு நிக்கிற பிளாஸ்டிக் மேல கெமிக்கல் பட்டா அது வெடிக்கும், இழுப்பு இல்லாம அந்த கெமிக்கல் மட்டும் பட்டா பல சமயம் ஒண்ணும் ஆவாது, கெமிக்கல் படாம இழுப்பு மட்டும் இருந்தா அது பாட்டுக்கு மாசக்கணக்குல அமைதியா கெடக்கும். ரெண்டும் சேந்தாதான் வம்பு.

அதுவரைக்கும் நாங்க ஸ்ட்ரெஸ் செக் பண்ண ஒரே வழி டொலுவீன், என்-புரோப்பனால்னு ரெண்டு கெமிக்கல கலந்து அதுல பீஸ முக்கி விரிசல் வருதான்னு பாக்குறது. அது வேலை செய்யும், ஆனா முக்குன பீஸ் செத்துப் போச்சு, கிரைண்டருக்குக் கூட போட முடியாது, அதுவுமில்லாம நாத்தம் தாங்க முடியாது, ஒரு அண்ணனுக்கு அன்னிக்கெல்லாம் தலைவலி. 100 பீஸ்ல 5 பீஸ முக்குனா மீதி 95 எப்படி இருக்குன்னு யாருக்குத் தெரியும்? பீஸ ஒடைக்காம, கெடுக்காம, எல்லாத்தையும் பாக்க வழி வேணும்னு தேடுனப்பதான் இந்த வெளிச்ச விஷயம் வந்துச்சு.

பொட்டி எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குப் புரிஞ்ச பாஷையில சொல்றேன். கீழ ஒரு எல்ஈடி பேனல், அதுக்கு மேல ஒரு போலரைசர் ஷீட்டு (வெளிச்சத்த ஒரே தெசையில மட்டும் அதிர விடுறது), அதுக்கு மேல குவார்ட்டர் வேவ் ஷீட்டு (வெளிச்சத்துல ஒரு பாதிய கால் அலை பின்தள்ளுறது), நடுவுல பீஸ் வைக்க எடம், மேல மறுபடியும் ஒரு குவார்ட்டர் வேவ், கடைசியா இன்னொரு போலரைசர், அத அனலைசர்னு சொல்லுவாங்க. மேலயும் கீழயும் இருக்கிற போலரைசர் ஒண்ணுக்கொண்ணு குறுக்கா இருக்கிறதால பீஸ் இல்லாம பாத்தா கும்மிருட்டு. உள்ள ஸ்ட்ரெஸ் இருக்கிற பிளாஸ்டிக்க நடுவுல வெச்சா, இழுப்பு இருக்கிற தெசையில வெளிச்சம் ஒரு வேகத்துலயும் குறுக்க இன்னொரு வேகத்துலயும் போவும், ஒண்ணு பின்தங்கிடும், அந்த பின்தங்கல்தான் மேல கலரா தெரியுது. இத மொதல்ல கண்ணாடியில பாத்தது டேவிட் ப்ரூஸ்டர்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரரு, 1815 வாக்குல, அதே ஆளுதான் நாம திருவிழாவுல வாங்கி உருட்டிப் பாப்பமே கலைடாஸ்கோப்பு, அதையும் கண்டுபிடிச்சவரு. மனுஷனுக்கு கலர் மேல அவ்ளோ ஆசை போல.

நம்பாதவங்க இப்பவே வீட்டுல பாக்கலாம். கம்ப்யூட்டர் எல்சிடி மானிட்டர்ல வெள்ளை ஸ்கிரீன் போடுங்க, அதுல இருந்து வர்ற வெளிச்சமே போலரைஸ் ஆனதுதான். பசங்க ஜாமெட்ரி பாக்ஸ்ல இருக்கிற கிளியர் பாகைமானிய ஸ்கிரீன் முன்னாடி புடிச்சு, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுகிட்டு தலைய சாய்ச்சு சாய்ச்சு பாருங்க. பிளாஸ்டிக் உள்ள பூந்த எடம், அதாவது கேட் இருந்த எடத்துல கலரெல்லாம் கொத்தா நெருக்கிட்டு நிக்கும், அங்கருந்து விசிறி மாதிரி பரவும். எங்க ஓனருக்கு நான் இப்படித்தான் காட்டுனேன், அவரு பையனோட பாகைமானியில. அஞ்சு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பாத்தவரு "சரி, வெலை கேளு"ன்னாரு.

இப்ப கோவக் கதைக்கு வர்றேன். பொட்டி கூரியர்ல வந்து எறங்குச்சு, பேக்கிங் நல்லாத்தான் இருந்துச்சு, சுவிட்ச் போட்டா எல்ஈடி எரியுது. ஆனா பீஸ் வைக்காமலே சாம்பல் கலர்ல பளபளன்னு வெளிச்சம், கும்மிருட்டா இருக்க வேண்டிய எடம் புகை மூட்டம் மாதிரி இருக்கு. போன் போட்டேன். "சார், அந்த மாடல் அப்படித்தான் சார் இருக்கும், ரூம் லைட்ட ஆஃப் பண்ணிப் பாருங்க"ன்னாங்க. ஆஃப் பண்ணிப் பாத்தேன், அப்பவும் அதே. சரி நமக்குத்தான் தெரியலயோன்னு ஒரு வாரம் அப்படியே வெச்சு ஓட்டுனேன். ஒரு நாள் அதே பாகைமானிய பொட்டி மேல வெச்சு ஸ்டீயரிங் திருப்புற மாதிரி மெதுவா சுத்துனேன், உள்ள ஒரு கருப்பு பட்டை எடம் மாறி மாறி ஓடுது. அப்பதான் பொறி தட்டுச்சு. சர்க்குலர் போலாரிஸ்கோப்புல, அதாவது குவார்ட்டர் வேவ் ஷீட்டு போட்ட இந்த மாதிரி பொட்டியில, பீஸ எப்படி சுத்துனாலும் கலர் பேட்டர்ன் பீஸோடயே சுத்தணும், தனியா கருப்பு பட்டை நடமாடக் கூடாது. நடமாடுதுன்னா ஒரு குவார்ட்டர் வேவ் ஷீட்ட கோணம் மாத்தி ஒட்டியிருக்காங்கன்னு அர்த்தம். வீடியோ எடுத்து அனுப்புனேன், ரெண்டு நாள் பதிலே இல்ல, அப்புறம் "செக் பண்றோம்", அப்புறம் "இன்ஜினியர் லீவு", கடைசியா மூணு வாரம் கழிச்சு மேல் பாகம் மட்டும் மாத்தி அனுப்புனாங்க. மாத்துனதுக்கு அப்புறம் கும்மிருட்டு, சூப்பர். சாரின்னு ஒரு வார்த்தை? கெடையாது. அதனால யாரு எந்த பொட்டி வாங்குனாலும் மொத வேலையா ரெண்டு செய்யுங்க, காலியா பாத்தா கருப்பா இருக்கான்னு பாருங்க, ஒரு பாகைமானிய வெச்சு சுத்திப் பாருங்க, ரெண்டும் சரியா இருந்தா மட்டும் பில்லுக்கு காசு போடுங்க.

சரி, வேலைக்கு எப்படி? நல்ல பொட்டி ஆனதுக்கு அப்புறம் அந்த வெடிச்ச கவர எடுத்து வெச்சேன். மொத தடவ பாத்தப்ப நான் வாயடைச்சுப் போயிட்டேன். நடுவுல எல்லாம் அமைதியா சாம்பல், கேட் பக்கத்துல கொஞ்சம் மஞ்சள், ஆரஞ்சு, நாலு மூலையிலயும் பித்தளைய சுத்தி மயிலிறகு கண்ணு மாதிரி வளையம் வளையமா அடுக்கி நிக்குது. நாங்க மூணு மாசமா கேட் பக்கத்தத்தான் சந்தேகப்பட்டு இன்ஜெக்‌ஷன் ஸ்பீட கூட்டி கொறைச்சு, பேக்கிங் பிரஷர கூட்டி கொறைச்சு, மோல்டு டெம்பரேச்சர ஏத்தி எறக்கி என்னென்னமோ பண்ணிட்டு இருந்தோம். கோளாறு அங்க இல்லவே இல்ல.

கலர எப்படி படிக்கிறதுன்னு கொஞ்சம் சொல்றேன், இது தெரியாம பொட்டி வாங்குனா வெறும் ஷோகேஸ் பொம்மைதான். வெள்ளை வெளிச்சத்துல கருப்புல ஆரம்பிச்சு சாம்பல், வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வந்து ஒரு ஊதா வரும். சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவுல மெல்லிசா வர்ற அந்த ஊதாதான் ஒரு ஆர்டர், அதாவது ஒரு கலர் சுத்து, முடிஞ்சதுக்கு அடையாளம், கிட்டத்தட்ட 565 நானோமீட்டர் பின்தங்கல்னு வெச்சுக்கலாம். அப்புறம் நீலம், பச்சை, மஞ்சள், சிவப்புன்னு ரெண்டாவது சுத்து. மூணு நாலு சுத்துக்கு மேல போனா எல்லாம் வெளுத்து வெறும் ரோஸும் பச்சையுமா ஆயிடும், எண்ண முடியாது, அப்ப ஒரு பச்சை ஃபில்டர் போட்டுப் பாத்தா கருப்பு கோடு தனித்தனியா நிக்கும், எண்ணிக்கலாம். எங்க பீஸுல இன்சர்ட்ட சுத்தி ஃபில்டர் போட்டு எண்ணுனா ஏழு கோடு.

ஏழு கோடுன்னா எவ்ளோ ஸ்ட்ரெஸ்? இதுக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கு, நோட்டுல எழுதி வெச்சுக்கோங்க: நானோமீட்டர்ல பின்தங்கல் = பிரூஸ்டர் நம்பர் × மில்லிமீட்டர்ல தடிமன் × எம்பிஏ-ல (மெகாபாஸ்கல், ஸ்ட்ரெஸ்ஸோட அளவு) ஸ்ட்ரெஸ் வித்தியாசம். பிரூஸ்டர் நம்பர்னா ஸ்ட்ரெஸ்ஸுக்கு அந்த பிளாஸ்டிக் எவ்ளோ கலர் காட்டும்ங்கறதுக்கான நம்பர். யூனிட் எல்லாம் தானா ஒத்துப் போயிடும். பாலிகார்பனேட்டுக்கு பிரூஸ்டர் நம்பர் சுமாரா 80. பச்சை ஃபில்டர்ல ஒரு கோடுன்னா 546 நானோமீட்டர். நான் மொதல்ல தடிமன் 3னு போட்டு கணக்கு பண்ணேன், கோட்டுக்கு 2.3 எம்பிஏ, ஏழு கோடுன்னா 16, ஓனர்கிட்ட போயி "சார் 16 எம்பிஏ நிக்குது"ன்னு சொல்லி மனுஷன் அன்னிக்கு ராத்திரி தூங்கல. மறுநாள் காலையில டீ குடிக்கும்போது உறைச்சுது, வளையம் இருக்கிறது பாஸ் மேல, அங்க வெளிச்சம் கடந்து வர்றது 6 மில்லிமீட்டர், அப்ப கோட்டுக்கு 1.1 சொச்சம்தான், மொத்தம் 8 எம்பிஏ. எந்த எடத்துல கலர் பாக்குறமோ அந்த எடத்து தடிமன்தான் போடணும்னு அன்னைக்கு கத்துகிட்டேன், ஓனர்கிட்ட திட்டும் வாங்கிகிட்டேன். 8-ம் சின்ன நம்பர் இல்ல, வருஷக்கணக்குல அந்த இழுப்புல நின்னுகிட்டு கெமிக்கலும் படுற பீஸு வெடிக்க அது தாராளம்.

ஏன் அங்க மட்டும்? காரணம் ரொம்ப சிம்பிள், கேட்டா இவ்ளோதானான்னு இருக்கும். சூடு ஆறும்போது பாலிகார்பனேட் பித்தளைய விட மூணு மடங்குக்கு மேல சுருங்கும். நடுவுல பித்தளை நான் சுருங்க மாட்டேன்னு நிக்குது, சுத்தியிருக்கிற பிளாஸ்டிக் சுருங்கப் பாத்து முடியாம இழுத்துகிட்டே நிக்குது, வெரல்ல சின்ன மோதிரத்த மாட்டிகிட்ட மாதிரி. அதுலயும் எங்க ஆளுங்க இன்சர்ட்ட டப்பாவுல இருந்து எடுத்து ஜில்லுனு அப்படியே மோல்டுல வெப்பாங்க, ஓசூர் குளுரு வேற, டிசம்பர் காலையில அந்த பித்தளைய கையில புடிச்சா ஐஸ் மாதிரி இருக்கும். பெங்களூரு குளுருல பாதி நமக்கும் வந்துடுது இல்ல.

இங்க ஒரு விஷயத்துல நான் நல்லா ஏமாந்தேன், நீங்க ஏமாறாதீங்க. எல்லாரும் என்ன சொல்லுவாங்க, ஸ்ட்ரெஸ் இருந்தா ஓவன்ல அனீல் பண்ணு, போயிடும்பாங்க. நாங்களும் 120 டிகிரில ரெண்டு மணி நேரம் வெச்சு, ஓவன் உள்ளயே மெதுவா ஆற விட்டு எடுத்தோம் (பாலிகார்பனேட் இளகுறது 147 டிகிரி பக்கத்துல, அதுக்கு கீழதான் வைக்கணும், இல்லன்னா பீஸ் அப்பளம்). எடுத்து பொட்டியில வெச்சா இன்சர்ட்ட சுத்தி ஏழு கோடு ஆறாச்சு, அவ்ளோதான். கரண்ட் பில்லு வேஸ்ட்டுன்னு ஓனர் கத்துறாரு. உக்காந்து யோசிச்சா புரியுது, 120ல இழுப்பு தளந்திருக்கும், ஆனா மறுபடி 120ல இருந்து ரூம் சூட்டுக்கு வரும்போது பிளாஸ்டிக் மறுபடி சுருங்கும், பித்தளை மறுபடி மல்லுக்கு நிக்கும், பழைய குருடி கதவ தெறடி. இன்சர்ட் உள்ள இருக்கிற வரைக்கும் அனீலிங் அந்த எடத்துக்கு பெருசா ஒதவாது. பொட்டி இல்லன்னா நாங்க அனீல் பண்ணியாச்சு, பிரச்சனை தீந்துச்சுன்னு நம்பி அடுத்த லாட்டையும் அனுப்பியிருப்போம்.

கடைசியில என்ன பண்ணோம்னா, மொதல்ல இன்சர்ட்ட சூடு பண்ணி மோல்டுல வெச்சோம், பாஸ் சுவத்த தடிமனாக்குனோம், ஏழு நாலாச்சு. அப்புறம் டிசைனையே மாத்தி, இன்சர்ட் இல்லாம மோல்டு பண்ணிட்டு பின்னாடி சூடு வெச்சு இன்சர்ட்ட அழுத்துற முறைக்கு போனோம், ரெண்டு கோடுக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் அந்த பார்ட்டுல விரிசல் கம்ப்ளைண்ட் வரல. ஆறு மாசம் ஆச்சு, கண்ணு படக்கூடாதுன்னு மரத்த தொட்டுக்கறேன்.

இப்ப பொட்டியோட லிமிட்டு. இதத்தான் விக்கிறவன் சொல்ல மாட்டான்.

மொத விஷயம், அக்ரிலிக். நாங்க ஒரு அக்ரிலிக் விளக்கு மூடி பண்றோம், அத பொட்டியில வெச்சா கிட்டத்தட்ட கருப்புதான், லேசா சாம்பல் அடிக்கும். ஓனர் "பாரு, இதுல ஸ்ட்ரெஸ்ஸே இல்ல, பாலிகார்பனேட்ட விட்டு எல்லாத்தையும் அக்ரிலிக்குக்கு மாத்திடலாமா"ன்னு கேட்டாரு. ஒரு துணியில ஐபிஏ, அதான் நம்ம ஆல்கஹால் கிளீனர் நனைச்சு அந்த மூடி மேல போட்டு வெச்சேன், மத்தியானம் சாப்பிட்டு வந்து பாத்தா கேட் பக்கம் வெள்ளையா சிலந்தி வலை. காரணம் என்னன்னா அக்ரிலிக்கோட பிரூஸ்டர் நம்பர் நாலு அஞ்சுதான், பாலிகார்பனேட்டுக்கு 80 இருக்கிற எடத்துல. நம்ம கணக்குலயே போட்டுப் பாருங்க, 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்குல ஒரு முழு ஆர்டர் கலர் வரணும்னா 40 எம்பிஏ பக்கத்துல இருக்கணும், அதுக்கு முன்னாடியே அது கெமிக்கல் பட்டு வெடிச்சுப் போயிருக்கும். மாம்பழ சீசன்ல பாப்பமே, சில மாங்கா தோல் பச்சையாவே இருக்கும், உள்ள பழுத்துப் போயிருக்கும், மஞ்ச தோல வெச்சு பாக்குற பழக்கத்துல அத பாத்தா ஏமாந்துடுவோம், அதே கத. அக்ரிலிக்குக்கு கலர் பாக்கறத விட்டுட்டு அனலைசர திருப்பி கோணத்துல அளக்கணும், செனார்மான் முறைன்னு சொல்லுவாங்க, 180 டிகிரிக்கு ஒரு முழு அலைன்னு கணக்கு, அஞ்சு டிகிரி திருப்புனா 15 நானோமீட்டர். எங்க பொட்டியில டிகிரி போட்ட வளையம் இருக்கு, ஆனா கோடு தடிமனா பிரிண்ட் பண்ணியிருக்காங்க, ரெண்டு டிகிரிக்கு கீழ படிக்கவே முடியல. காசு வாங்கும்போது மட்டும் கரெக்டா வாங்குனாங்க.

ரெண்டாவது, இது காட்டுறது ரெண்டு தெசை ஸ்ட்ரெஸ்ஸோட வித்தியாசம்தான், மொத்த ஸ்ட்ரெஸ் இல்ல. ஒரு எடத்துல நாலு பக்கமும் சமமா இழுத்துட்டு நின்னா வித்தியாசம் ஜீரோ, பொட்டி கருப்பா காட்டும். அதே மாதிரி மோல்டிங் பீஸ்ல மேல் தோல் மொதல்ல உறைஞ்சுடும், உள்ள இருக்கிறது அப்புறமா சுருங்கும், அதனால தோல் அமுங்கிப் போயும் நடு இழுத்துகிட்டும் இருக்கும். மேல இருந்து நேரா பாத்தா வெளிச்சம் தோலு, நடு, தோலுன்னு மூணையும் கடந்து வரும், ப்ளஸ்ஸும் மைனஸ்ஸும் அடிச்சுகிட்டு ஒண்ணும் இல்லாத மாதிரி தெரியும். அத பாக்கணும்னா பீஸ வெட்டி ஓரத்துல இருந்து பாக்கணும், வெட்டுனா அப்புறம் ஒடைக்காம பாக்குறதுன்னு எப்படி சொல்றது. நான் ஒரு தடவ பேண்ட்சாவுல வெட்டிப் பாத்தேன், வெட்டுன சூட்டுலயே புதுசா ஸ்ட்ரெஸ் வந்து ஓரம் முழுக்க கலர் தீபாவளி. தண்ணி விட்டு மெதுவா வெட்டி, தண்ணியிலயே தேய்க்கணும்.

மூணாவதுதான் எனக்கு இன்னும் தலைவலி. கலர் எல்லாமே ஸ்ட்ரெஸ் இல்ல. பிளாஸ்டிக் ஓடும்போது அதோட நீள நீள மூலக்கூறு எல்லாம் ஓடுற தெசையில படுத்து, அப்படியே உறைஞ்சுடும், அதுவும் வெளிச்சத்த பிரிச்சு கலர் காட்டும். இன்சர்ட் இல்லாத ஒரு பீஸ அனீல் பண்ணிப் பாத்தப்ப மூலைகள்ல கலர் நல்லா கொறைஞ்சுது, கேட் பக்கத்துல மட்டும் அசையவே இல்ல, ஆனா அதே பீஸ டொலுவீன் கலவையில முக்குனா கேட் பக்கம் விரிசலே இல்ல. அப்ப கேட் கலர் பெரும்பாலும் ஓட்டத்தால வந்தது. பொட்டி ரெண்டையும் சேத்துதான் காட்டும், பிரிச்சு சொல்லாது. அதனால ஒரு புது பார்ட் வந்தா ஒரே ஒரு தடவ அனீலிங், கலவை ரெண்டையும் பண்ணி எந்த கலர் எதுக்குன்னு தெரிஞ்சுகிட்டு, அப்புறம் தெனமும் பொட்டிய நம்பலாம்.

கருப்பு ஏபிஎஸ், கிளாஸ் நிரப்புன நைலான், இதுக்கெல்லாம் இந்த பொட்டிய திரும்பிக் கூட பாக்காதீங்க, வெளிச்சம் உள்ளயே போவாது. அதுக்கு சின்ன ஓட்டை போட்டு ஸ்ட்ரெய்ன் கேஜ் (பீஸ் எவ்ளோ நீளுது, சுருங்குதுன்னு சொல்ற சின்ன பட்டை) வெச்சு அளக்குற முறை இருக்கு, அது பாதி ஒடைக்கிற கேஸு.

பொட்டி வாங்குறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்டிங் லேபுக்கும் அனுப்பிப் பாத்தோம், பேரு வேணாம். ரெண்டு வாரம் எடுத்துகிட்டு ஒரு கலர் போட்டோவும் "ஸ்ட்ரெஸ் காணப்படுகிறது"ன்னு ஒரு வரியும் குடுத்தாங்க. நம்பர் இல்ல, எந்த தடிமனுக்கு, என்ன குணகம் போட்டாங்க, எந்த சூட்டுல வெச்சுப் பாத்தாங்க, ஒண்ணும் இல்ல. அதுக்கு நம்ம பாகைமானியும் கூலிங் கிளாஸுமே போதும். லேபுக்கு குடுக்குறவங்க முன்னாடியே ஏஎஸ்டிஎம் டி4093 படி ரிப்போர்ட் வேணும்னு எழுதிக் கேளுங்க, கிளியர் பிளாஸ்டிக்குக்கு இதுக்குன்னே இருக்கிற ஸ்டாண்டர்டு அது.

கத்துக்கறதுக்கு எனக்கு ஒதவுனது சென்னை ஐஐடி பேராசிரியர் கே. ரமேஷோட என்பிடெல் (ஐஐடிங்க நெட்ல போடுற பாடம்) வகுப்பு, ஃப்ரீயா இருக்கு. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து அரை அரை மணி நேரமா பாத்தேன், கணக்கு வர்ற எடமெல்லாம் பாதி மண்டைக்கு மேல போச்சு, ஆனா கலர் எண்றது, ஃபில்டர் போடுறது எல்லாம் அதுல இருந்துதான் புடிச்சேன். பாலிடெக்னிக்ல இதெல்லாம் ஒருத்தரும் சொல்லித் தரல.

காசுக்கு தகுமா? பாலிகார்பனேட் கிளியர் பார்ட் தெனமும் ஓட்டுறவங்களுக்கு கண்ண மூடிட்டு சொல்லுவேன், தகும், எங்களுக்கு ஒரு ரிட்டர்ன் லாட் காசுல பொட்டி காசு வந்துடுச்சு. அக்ரிலிக் மட்டும் ஓட்டுறவங்க இந்த மாதிரி சாதா பொட்டிய வாங்காதீங்க, கொஞ்சம் பொறுத்து நல்லா டிகிரி படிக்கிறதோ கேமரா வெச்சதோ பாருங்க. மாசத்துக்கு ஒரு தடவ பாக்குறவங்களுக்கு பொட்டியே வேணாம், ரெண்டு போலரைசர் ஷீட்டும் ஒரு சீலிங் எல்ஈடி பேனலும் வாங்கி தச்சன்கிட்ட குடுத்து ஒரு சட்டம் அடிச்சுக்கோங்க, ஷீட்ட மட்டும் பேனல் மேல நேரா ஒட்டாதீங்க, சூட்டுல சுருண்டுக்கும். ஸ்டார் குடுக்கணும்னா பொட்டிக்கு நாலு, அத வித்தவங்களுக்கு ஒண்ணு.

சின்னச் சின்ன விஷயம் ரெண்டு விட்டுப் போச்சு. மெஷின்ல இருந்து எடுத்த சூட்டோட பீஸ வெச்சா கலர் கன்னாபின்னான்னு இருக்கும், ஆறுனதும் மாறும், நாங்க அரை மணி நேரம் விட்டுத்தான் வைக்கிறோம். அப்புறம் பீஸ ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சுகிட்டு பாக்காதீங்க, மெல்லிசு பார்ட்டுன்னா உங்க வெரல் அழுத்தமே கலரா தெரியும், எங்க புது தம்பி ஒருத்தன் அப்படிப் பாத்து ஒரு ட்ரே முழுக்க ரிஜெக்ட் பண்ணி வெச்சிருந்தான், நான் வந்து டேபிள் மேல வெச்சுப் பாத்தா அத்தனையும் நல்ல பீஸு. அவனைக் கூப்பிட்டு, "ஏன்டா தம்பி, பீஸுக்கு டென்ஷனா, உனக்கு டென்ஷனா"ன்னு கேட்டேன், அன்னையில இருந்து அவன்தான் பொட்டிக்கு இன்சார்ஜ், ஷிப்ட் ஆரம்பிச்சதும் மொத அஞ்சு ஷாட்டயும் வெச்சு, செவுத்துல ஒட்டியிருக்கிற நல்ல பீஸ் போட்டோவோட ஒப்பிட்டுப் பாத்து, கோடு எண்ணி நோட்டுல எழுதிடுவான்.

போன மாசம் பச்சை ஃபில்டர்ல யாரோ ஸ்க்ரூ டிரைவர வெச்சு கீறிட்டாங்க, கோடு எண்ணும்போது அந்த கீறலும் ஒரு கோடா சேந்துக்குது. புதுசு என்ன வெலைன்னு அவங்ககிட்டயே கேட்டு மெசேஜ் போட்டிருக்கேன், ப்ளூ டிக் விழுந்து பதினாலு நாள் ஆச்சு.